ஆளாளுக்கு ஒரு கன்சோல் சொல்கிறார்கள், யார் பேச்சை எடுத்துக்கொள்வது?

கேட்டவர் பாலக்கோட்டுக்காரர். ஓசூரில் வேலை, அங்கேயே ரூம், சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வருகிறவர். வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் தம்பி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கன்சோல், அதாவது டிவியில் மாட்டி கேம் விளையாடும் பெட்டி வாங்க ஐம்பதாயிரம் சேர்த்து வைத்திருக்கிறார். ரூமில் ஒருவர் சோனியின் பிஎஸ்5 தவிர எதையும் தொடாதே என்கிறார், இன்னொருவர் விவரம் தெரிந்தவன் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ்தான் வாங்குவான் என்கிறார், மூன்றாமவர் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் போட்டு பிசி அசெம்பிள் பண்ணு என்கிறார், பெங்களூரில் இருக்கும் மாமா பையன் நின்டெண்டோவின் ஸ்விட்ச் வாங்கச் சொல்கிறார். பேச்சு முற்றிப்போய் ரூமில் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டதாம். "இதில் எது பெஸ்ட்?" என்று கேள்வியை முடித்திருக்கிறீர்கள். படித்துப் பார்த்தால் உங்களுக்குக் குடைச்சலாக இருப்பது வேறு: தினமும் விளையாடுகிற நான்கு பேர், நான்கு பேருமே பொய் சொல்கிற ஆட்கள் இல்லை, அப்படியிருந்தும் எப்படி இவ்வளவு முரணாகச் சொல்கிறார்கள், அதுவும் ஏன் இவ்வளவு சூடாக? அதைத்தான் முதலில் பேசப்போகிறேன். எந்தப் பெட்டி என்பது கடைசியில்.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். கிருஷ்ணகிரியில் மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் கேம் சென்டர் வைத்திருந்தேன், மொபைல் வந்து அந்தப் பிழைப்பை முடித்துவைத்த பிறகு அதே இடத்தில் சர்வீஸ் கடை. அதனால் என் பார்வைக்கு ஒரு கோணல் உண்டு. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பையன்கள், அதிலும் மெஷினில் கோளாறு வந்த பையன்கள். வாங்கி வைத்து ஒரு தொந்தரவும் இல்லாமல் வீட்டில் விளையாடுகிறவர் என் கடைப் படி ஏறவே மாட்டார். பெண்கள் விளையாடுவதை நான் பார்த்தது குறைவு. இவர்களைப் பற்றி நான் ஏதாவது பொதுவாகச் சொன்னால் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், சந்தேகமே இல்லாத பகுதி. பிஎஸ்5-ம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. இரண்டிலும் ஏஎம்டி கம்பெனியின் ஒரே தலைமுறை எட்டு கோர் சிப், ஒரே குடும்பத்து கிராபிக்ஸ், இரண்டிலும் 16 ஜிபி மெமரி. கணக்குப் போடும் வேகத்தை டெராஃப்ளாப்ஸில் சொல்வார்கள்: எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12, பிஎஸ்5 10.28. இந்த எண்ணை வைத்துக்கொண்டு 2020-ல் அடித்துக்கொண்ட அடி கொஞ்ச நஞ்சமில்லை. எதிர்த்தரப்பு உடனே எஸ்எஸ்டியை, அதாவது கேமைச் சேமித்து வைக்கும் பகுதியின் வேகத்தைக் கொண்டு வந்தது: பிஎஸ்5-ல் வினாடிக்கு 5.5 ஜிபி, எக்ஸ்பாக்ஸில் 2.4. இரண்டு கணக்கும் உண்மை. ஆனால் இரண்டிலும் வரும் ஒரே கேமைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் பெரும்பாலும் எது எது என்று சொல்ல முடியாது. நம் ஊர் ஹால்களில் இருக்கிற டிவி பெரும்பாலும் 43 அங்குலம். அதில் முழு எச்டி படத்தின் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம்தான், நல்ல பார்வை உள்ள கண்ணுக்கே ஆறடி தள்ளி உட்கார்ந்தால் அந்தப் புள்ளிகள் பிரிந்து தெரியாது. அப்படியிருக்க அதைவிடச் சின்னப் புள்ளிகளில் யார் கூடுதலாகக் காட்டுகிறார்கள் என்று சண்டை போடுவதில் அர்த்தம் என்ன இருக்கிறது? எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் மட்டும் உண்மையிலேயே சின்ன மெஷின்: 4 டெராஃப்ளாப்ஸ், 10 ஜிபி மெமரி. 2023-ல் பால்டர்ஸ் கேட் 3 என்ற கேம் எக்ஸ்பாக்ஸுக்குத் தாமதமாக வந்ததற்கு இதுவே காரணம். ஒரே திரையைப் பிரித்து இரண்டு பேர் விளையாடும் வசதியை அந்தச் சின்ன மெஷினில் ஓட்ட முடியாமல், அதில் மட்டும் அந்த வசதி இல்லாமலேயே வெளியிட்டார்கள். பிறகுதான் சேர்த்தார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு என்று கேட்கிற உங்களுக்கு டெராஃப்ளாப்ஸைவிட இந்தச் செய்திதான் முக்கியம்.

இன்னொரு பழைய சண்டை, வினாடிக்கு 30 ஃபிரேமா 60 ஃபிரேமா என்பது. 30 என்றால் ஒரு படம் 33 மில்லிசெகண்ட் திரையில் நிற்கிறது, 60 என்றால் 17-க்கும் கீழே. கதை கேம் விளையாடுகிறவர் "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல, இதுக்குப் போய் படத்தோட அழகைக் குறைக்கிறாங்களே" என்பார். துப்பாக்கி கேமும் ஃபுட்பாலும் விளையாடுகிறவர் 30-ஐப் பார்த்தாலே எரிச்சலாவார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் கண்ணால் அளக்கிறார், மற்றவர் கையால் அளக்கிறார். பட்டன் அழுத்தியதற்கும் திரையில் ஆள் திரும்பியதற்கும் இடையில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளி, வேகமாக விரல் பழகியவனுக்கு மட்டும்தான் உறுத்தும். இதில் ஒரு கூத்து: என்னிடம் "கன்சோல் லேக் அடிக்குது" என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் கணிசமான பேருக்கு மெஷினில் ஒன்றுமே இருக்காது, டிவியில் கேம் மோடு போட்டிருக்க மாட்டார்கள். படத்தை மெருகேற்றுகிறேன் என்று டிவி தன் பங்குக்குச் செய்யும் வேலைகள் மட்டுமே சில டிவிகளில் 100 மில்லிசெகண்டுக்குப் போய்விடும். அதை வைத்துக்கொண்டு 30-ஆ 60-ஆ என்று பேசி என்ன பயன்.

ஆக பெட்டியில் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் ஆட்களிடம்தான் இருக்க வேண்டும். விளையாடுகிறவர்களை வகை பிரிக்கும் முயற்சி பழையது. ரிச்சர்ட் பார்ட்டில் என்ற ஆங்கிலேயர் 1996-ல் எழுதிய கட்டுரையில் நான்கு வகை சொன்னார்: சாதித்துக் காட்ட விளையாடுகிறவர், இடம் இடமாகத் துழாவிப் பார்க்கிறவர், நாலு பேரோடு பேசிப் பழக வருகிறவர், அடுத்தவனை வீழ்த்த வருகிறவர். கேட்டவுடன் "அட, ஆமாம்" என்று தோன்றும். ஆனால் அவர் பார்த்தது எழுத்து மட்டுமே ஓடும் அந்தக் காலத்து ஆன்லைன் கேம்களை, அதுவும் அங்கே விளையாடியவர்களின் விவாதங்களை வைத்துப் பிரித்தார், அளந்து பார்த்துப் பிரித்ததில்லை. அதனால் பேச ஒரு வசதி என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 2006-ல் ரயன், ரிக்பி, ஷிபில்ஸ்கி என்ற மூவர் செய்த ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது. கேம் பிடித்துப்போவதற்கு மூன்று பசி காரணம் என்றார்கள்: எனக்கு இது கைவந்துவிட்டது என்ற உணர்வு, என் இஷ்டத்துக்கு முடிவெடுக்கிறேன் என்ற உணர்வு, கூட ஆள் இருக்கிறது என்ற உணர்வு. என் கடையில் பார்த்ததை வைத்து நான் ஒன்று சேர்ப்பேன், இது ஆய்வு இல்லை, என் கணிப்பு: வகை என்பது ஆளுக்கு இருப்பதைவிட நேரத்துக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு பேரோடு வந்து ஃபுட்பாலில் கோல் போட்டுவிட்டுத் தெலுங்கில் ஒரு கத்துக் கத்திக் கடையையே அதிரவைத்த அதே ஓசூர்ப் பையன், செவ்வாய்க்கிழமை தனியாக வந்து ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு காட்டுக்குள் குதிரையில் சும்மா சுற்றிக்கொண்டிருப்பான். அவனிடம் ஞாயிற்றுக்கிழமை யோசனை கேட்டால் ஒரு பதில், செவ்வாய்க்கிழமை கேட்டால் வேறு பதில்.

விருப்பம் வேறுபடுவதால் மட்டும் யாரும் பேச்சை நிறுத்திக்கொள்வதில்லை. எனக்கு இது பிடிக்கும், உனக்கு அது பிடிக்கும், சரி என்று போய்விடுவோம். சண்டை வருவது எதிர்பார்ப்பில். காசு கொடுத்தால் இதெல்லாம் கிடைத்தே ஆகவேண்டும் என்று ஒவ்வொருவர் மனதிலும் ஒரு கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கு அவர் முதன்முதலில் எதில் விளையாடினார் என்பதில் இருந்து வருகிறது. பைக் விஷயத்தில் மைலேஜ் கேட்கிறவரும் பிக்கப் கேட்கிறவரும் விற்கும்போது என்ன விலை போகும் என்று கேட்கிறவரும் ஒரே ஷோரூமில் நின்று பேசிக்கொள்வது போலத்தான்.

இதை நம் பக்கத்து ஆட்களை வைத்தே சொல்கிறேன். இப்போது நாற்பதை ஒட்டி இருக்கிறவர்களுக்கு முதல் கன்சோல் டிவி கேம்தான், கேசட் போடுகிறது. ஜப்பானில் 1983-ல் நின்டெண்டோ விட்ட ஃபேமிகாமின் நகல்கள் அவை, அப்போது நமக்கு அதெல்லாம் தெரியாது. மாரியோ, கான்ட்ரா, கேசட் மேல் 9999 கேம் என்று போட்டிருக்கும், உள்ளே இருப்பது பத்து இருபது, அதையே பேர் மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். அந்த மெஷினில் பழகியவருக்கு கேம் என்றால் போட்டவுடன் ஓட வேண்டும், இரண்டு ஜாய்ஸ்டிக் இருக்க வேண்டும், பக்கத்தில் ஒருத்தர் உட்கார வேண்டும். அப்டேட், அக்கவுண்ட், பாஸ்வேர்டு என்றாலே அவருக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்தான் என்பேன். அடுத்து பிஎஸ்2 கூட்டம். உலகம் முழுக்க 15 கோடிக்கும் மேல் விற்ற மெஷின், நம் ஊர்களில் பெரும்பாலும் நகல் சிடி ஓடுவதற்கான சிப் போட்டே ஓடியது. சிடி விலைதான் கேம் விலை. அந்தக் கூட்டத்தில் வளர்ந்தவரிடம் ஒரு கேம் ஐயாயிரம் ரூபாய் என்றால் ஏமாற்று வேலை என்றுதான் முதலில் தோன்றும். பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது மெஷின் 49,990, சோனியே எடுத்த புது கேம் 4,999. பத்து கேம் வாங்கினால் இன்னொரு மெஷின். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனவர்கள் நிறையப் பேர், அவர்களில் பாதிப்பேர் நேராகப் போய் பிசி பக்கம் நின்றார்கள்.

பிசிக் கூட்டம் பிரவுசிங் சென்டரில் உருவானது. கம்ப்யூட்டர்களை லேனில் இணைத்து கவுண்டர் ஸ்ட்ரைக், ஒரு மூலையில் வைஸ் சிட்டி. இவர்களுக்கு மெஷின் தன் கையில் இருக்க வேண்டும், திறக்க வேண்டும், ரேம் மாற்ற வேண்டும், கேமையே மாற்றும் மோட் போட வேண்டும். மூடி சீல் வைத்த பெட்டியைப் பார்த்தால் இவர்களுக்கு அது பொம்மை. உங்கள் மூன்றாவது ரூம்மேட் சிரித்தது இதனால்தான் இருக்கும். கடைசியாக வந்தது மொபைல் கூட்டம், உங்கள் தம்பி அநேகமாக இதில்தான் இருக்கிறார். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, 2018-ல் பப்ஜி மொபைல் வந்தது, அதோடு என் சென்டரில் நாற்காலிகள் காலியாகிவிட்டன. 2020 செப்டம்பரில் அதைத் தடை செய்தபோது பையன்கள் திரும்பி வருவார்கள் என்று நானும் கொஞ்சம் ஆசைப்பட்டேன், வரவில்லை, வேறு மொபைல் கேமுக்குப் போனார்கள். இவர்களுக்கு கேம் இலவசம். காசு கொடுப்பது உடைக்கும் துப்பாக்கி மேல் பூசும் வண்ணத்துக்கும்தான், அதைக் கொடுக்கத் தயங்க மாட்டார்கள். நூறு பேர் இறங்குகிற இடத்தில் தன் ஆட்கள் நான்கு பேர் இருந்தால் போதும். முப்பது மணி நேரக் கதையை ஐயாயிரம் கொடுத்துத் தனியாக விளையாடு என்றால் "எதுக்கு?" என்று கேட்பார்கள், நமக்குப் பதில் சொல்லத் தெரியாது. இந்த நான்கு கூட்டமும் ஒரே ரூமில் உட்கார்ந்து எது பெஸ்ட் என்று பேசினால் வேறென்ன நடக்கும்.

எதிர்பார்ப்பு உடைவதும் மெஷின் உடைவதும் ஒன்றல்ல என்பதற்கு வரலாற்றிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் 360 சூடாகி சிவப்பு விளக்கு எரிந்து சாவது அந்தக் காலத்தில் பிரசித்தம். 2007-ல் மைக்ரோசாஃப்ட் வாரண்டியை மூன்று வருஷத்துக்கு நீட்டி, அதற்காக நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. அவ்வளவு பெரிய கோளாறு. ஆனாலும் ஆட்கள் அந்த மெஷினைவிட்டு ஓடவில்லை, எட்டுக் கோடிக்கு மேல் விற்றது, இன்றைக்கும் அதைப் பற்றி ஆசையோடு பேசுகிறவர்கள் உண்டு. 2013-ல் அதே கம்பெனி அடுத்த மெஷினுக்கு ஒரு விதி சொன்னது: 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இணையத்தில் தலைகாட்ட வேண்டும், டிஸ்கைக் கைமாற்றி விற்பதிலும் கடன் கொடுப்பதிலும் கட்டுப்பாடு. மெஷின் இன்னும் கடைக்கே வரவில்லை, ஒன்றுகூட ரிப்பேர் ஆகவில்லை, ஆனால் ஊரே கொந்தளித்தது. சோனி ஆட்கள் ஒருவர் இன்னொருவர் கையில் டிஸ்கைக் கொடுப்பதை மட்டும் காட்டி இதுதான் எங்கள் முறை என்று சின்ன வீடியோ ஒன்று விட்டார்கள், அதோடு விலையும் 399 டாலர், எதிராளி 499. இரண்டு வாரத்துக்குள் மைக்ரோசாஃப்ட் விதியை வாபஸ் வாங்கியது. செத்துப்போகும் மெஷினை மன்னித்த அதே ஆட்கள், தன் பொருள் என்று நினைத்ததில் இன்னொருவன் கை வைப்பதை மன்னிக்கவில்லை. டிஸ்க் கைமாறுவது அமெரிக்காவில் ஒரு வசதி, நம் பக்கத்தில் அதுதான் கேமே. தர்மபுரியில் ஒருவர் வாங்குகிற டிஸ்க் காரிமங்கலம் போய், அரூர் போய், கீறலோடு என் கடைக்கு வரும்.

பவர்தான் எல்லாம் என்கிறவருக்கும் ஒரு சாட்சி சொல்லலாம். 2006-ல் வந்த நின்டெண்டோவின் வீ மெஷினில் எச்டி படமே கிடையாது. அதே காலத்து பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டையும் தாண்டி பத்துக் கோடிக்கு மேல் விற்றது, காரணம் கையை வீசினால் டென்னிஸ் பந்து போகிறது என்பதைப் பாட்டிக்குக்கூட விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கும் சிலர் இது கன்சோலே இல்லை என்றார்கள். அவர்கள் எதிர்பார்த்த கன்சோல் அது இல்லைதான்.

சரி, ஏன் இவ்வளவு சூடு என்பதற்கு வருகிறேன். மனநூல்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பழைய விளக்கம், வாங்கிய பிறகு நம் தேர்வை நாமே தூக்கிப்பிடிப்போம் என்பது. 1956-ல் ஜாக் பிரெம் என்பவர் மாணவிகளிடம் வீட்டுச் சாமான்களுக்கு மதிப்பெண் போடச் சொல்லி, பிறகு இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லி, மறுபடி மதிப்பெண் கேட்டார். எடுத்ததற்கு மார்க் ஏறியது, விட்டதற்கு இறங்கியது. கேட்க நன்றாக இருக்கிறது, கன்சோல் சண்டை என்றாலே இதை எடுத்துவிடுவார்கள். ஆனால் அந்தச் சோதனை முறையிலேயே ஒரு கணக்குப் பிசகு இருக்கிறது, மனம் மாறாவிட்டாலும் அப்படி எண்கள் வரும் என்று 2010-ல் சென், ரைசன் என்ற இருவர் காட்டினார்கள். விளைவு முழுக்கப் பொய் என்று ஆகிவிடவில்லை, ஆனால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. தாஜ்ஃபெல் என்பவர் 1970-களில் பையன்களை எந்த ஓவியரைப் பிடிக்கும் என்ற பேரில் சும்மா இரண்டாகப் பிரித்ததுமே அவர்கள் தன் கூட்டத்துக்கு அதிகம் கொடுத்தார்கள், இது ஓரளவு உறுதியாக நிற்கிற விஷயம்.

எனக்கு இதைவிடச் சாதாரணக் காரணம் ஒன்று போதும் என்று தோன்றுகிறது. ஈஎம்ஐ போட்டு வாங்கிய ஒரே மெஷின், அதில் வாங்கிய கேம் வேறு மெஷினில் ஓடாது, அடுத்தது வாங்க இன்னும் ஐந்தாறு வருஷம். அந்த நிலைமையில் பக்கத்தில் இருக்கிறவன் வேறு மெஷின் வாங்கினால் நஷ்டம் நமக்குத்தான்: டிஸ்க் மாற்றிக்கொள்ள ஆள் இல்லை, கூட விளையாட ஆள் இல்லை. ரூம்மேட் பிஎஸ்5 வாங்கு என்று உங்களை நெருக்குவதில் பாதி அன்பு, பாதி அவருக்கு ஒரு ஜோடி வேண்டும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். இந்தக் காரணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தும் வருகிறது. வேறு கம்பெனி கன்சோல்காரர்களோடு சேர்ந்து விளையாடுவதை சோனி 2018-ல் ஃபோர்ட்நைட் என்ற கேமில்தான் முதலில் ஒத்துக்கொண்டது, இப்போது ஃபுட்பால் உட்படப் பல கேம்களில் அது சாதாரணம். எங்களிடம் மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டிருந்த கேம்களில் பலவும் கைமாறிவிட்டன. சோனியின் ஹொரைசன் 2020-லும் காட் ஆஃப் வார் 2022-லும் பிசிக்கு வந்தன, மைக்ரோசாஃப்ட் 2024-ல் நான்கு கேம்களை வெளியே விட்டது, 2025-ல் ஃபோர்சா ஹொரைசன் 5-ம் கியர்ஸ் ஆஃப் வாரும் பிஎஸ்5-க்கே வந்துவிட்டன. நின்டெண்டோ மட்டும் தன் மாரியோவை யாருக்கும் கொடுப்பதாக இல்லை. ஆகவே "இந்த கேம் உன் பெட்டியில் வராது" என்ற பழைய அடியை இன்றைக்கு ஸ்விட்ச்காரர் அளவுக்குத் தைரியமாக வேறு யாரும் போட முடியாது.

உங்கள் நான்கு ஆலோசகர்களிடமும் எது நல்லது என்று இனிக் கேட்காதீர்கள். கடைசியாக எப்போது விளையாடினாய், எங்கே உட்கார்ந்து, யாரோடு என்று கேளுங்கள். எக்ஸ்பாக்ஸ்காரரிடம் ஃபைபர் நெட் இருக்கும், சந்தா கட்டி வாரத்துக்கு இரண்டு கேமைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழிக்கிறவராக இருப்பார். அவருக்கு கேம் பாஸ் என்கிற அந்த எக்ஸ்பாக்ஸ் சந்தா லாபம்தான், அமெரிக்காவில் 2025 அக்டோபரில் அதன் மேல்தட்டுச் சந்தா மாதம் 30 டாலர் அளவுக்கு ஏறியதையும் அவரிடம் சொல்லிப் பாருங்கள், அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார். மாமா பையன் பெங்களூரில் பிஜியில் இருப்பார், டிவி கிடையாது, பஸ்ஸிலும் கட்டிலிலும் விளையாடுகிறவர். இவர்கள் யாருமே உங்கள் வீட்டு ஹாலைப் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று பாருங்கள். வாரநாட்களில் தம்பி தனி. சாயங்காலம் ஆறரையில் இருந்து டிவி அம்மாவுடையது, சீரியல். அது ஒரு தொழில்நுட்ப விவரம் மாதிரிதான், டெராஃப்ளாப்ஸுக்கு முன்னால் எழுத வேண்டியது. வீட்டில் ஒரே டிவிதான் என்றால், தம்பி பள்ளி முடிந்து வந்து விளையாட டிவியே கிடைக்காது என்றால், கையில் வைத்து விளையாடும் ஸ்விட்ச் பற்றி மாமா பையன் சொன்னதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். அதற்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு: 2017-ல் வந்த அந்த ஸ்விட்ச் இந்தியாவில் முறையாக விற்பனைக்கு வரவே இல்லை, நம் பக்கத்து ஆட்கள் பெங்களூர் எஸ்பி ரோட்டில் வாங்குவது இறக்குமதிச் சரக்கு, வாரண்டி என்பது கடைக்காரர் வாயால் சொல்வதுதான். அடுத்தது நெட். நூறு ஜிபி கேமை 40 எம்பிபிஎஸ் லைனில் இறக்க ஐந்தரை மணி நேரம். மொபைலில் தினம் 2 ஜிபி பிளான் வைத்துக்கொண்டு ஹாட்ஸ்பாட்டில் இறக்கப் போனால் ஐம்பது நாள். டிஸ்க் வாங்கினாலும் அப்டேட் என்று ஒரு துண்டு இறங்கத்தான் செய்யும், ஆனால் மொத்தமும் இறக்குவதற்கு அது எவ்வளவோ மேல். பாலக்கோட்டில் வீட்டுக்கு ஃபைபர் இல்லையென்றால் டிஸ்க் டிரைவ் இல்லாத மெஷின் எதையும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் வாங்கச் சொல்ல மாட்டேன். சீரிஸ் எஸ் அதில் அடிபட்டுப்போகிறது.

கரண்ட் போவது 2012 அளவுக்கு இப்போது இல்லை. ஆனாலும் சேவ் ஆகிற நேரத்தில் படக்கென்று நின்றால் மெஷின் மறுபடி கிளம்பும்போது தன் சேமிப்பைச் சரிபார்க்க உட்கார்ந்துவிடும், கெட்ட நேரமாக இருந்தால் சேவ் போய்விடும். பிஎஸ்5 விளையாடும்போது சுமார் 200 வாட் இழுக்கும், டிவி இன்னொரு நூறு, சாதாரண 600 விஏ யூபிஎஸ் சில நிமிஷம் தாங்கும், ஒழுங்காக மூடுவதற்கு அது போதும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பின்னால் யூபிஎஸ் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள், அதைப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

தம்பியின் எதிர்பார்ப்பைத் தனியாக ஒரு தரம் கேட்டுவிடுங்கள், வாங்கிய பிறகு வேண்டாம். மொபைலில் அவர் விளையாடும் அதே அக்கவுண்ட், அதே துப்பாக்கி, அதே நண்பர்கள் கன்சோலில் வரமாட்டார்கள். பப்ஜியின் கன்சோல் கேம் 2022 முதல் இலவசம், ஆனால் அது வேறு கேம். திரையில் கட்டைவிரலால் குறிபார்த்துப் பழகிய பையனுக்கு ஸ்டிக்கில் முதல் சில வாரம் சுடவே வராது, "ஃபோனே மேல்" என்று சொல்வார், விட்டுப்பிடியுங்கள். இலவச கேம்களை ஆன்லைனில் விளையாட இரண்டு கன்சோலிலும் சந்தா கட்ட வேண்டியதில்லை, காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் விளையாடத்தான் சந்தா. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட எதற்கும் சந்தா இல்லை, நீங்கள் சனி ஞாயிறு செய்யப்போவது அதுதான்.

ஆகவே என் முடிவு: டிவி தம்பிக்கு ஓரளவாவது கிடைக்கும் என்றால் டிஸ்க் போடும் பிஎஸ்5. அது மற்றதைவிட நல்ல மெஷின் என்பதால் சொல்லவில்லை, ஓசூரிலிருந்து தர்மபுரி வரை கைமாறும் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை அதற்கானவை, உங்கள் ரூமிலேயே ஒருவரிடம் இருக்கிறது. உங்கள் ஊரில் தம்பியின் நண்பர்கள் மூன்று பேர் எக்ஸ்பாக்ஸ் வைத்திருந்தால் என் பதில் அப்படியே மாறும், கூச்சமே படமாட்டேன். டிவி கிடைக்கவே கிடைக்காது என்றால் ஸ்விட்ச், பில்லோடு தரும் கடையில். பிசி வேண்டாம், அதைக் கட்டி மேய்க்க வாரநாளில் வீட்டில் ஆள் வேண்டும், நீங்கள் ஓசூரில் இருப்பீர்கள்.

ஐம்பதாயிரத்தில் புது மெஷின், இரண்டாவது கன்ட்ரோலர், ஒரு கேம் மூன்றும் அடங்காது. கன்ட்ரோலர் மட்டுமே ஆறாயிரம் பக்கம், அது இல்லாமல் அண்ணன் தம்பிக்கு வாங்குவதில் பொருளில்லை. செகண்ட் ஹேண்டுக்குப் போவதில் தப்பில்லை, ஒரிஜினல் பில்லை வாங்கிக்கொள்ளுங்கள். கடையிலோ விற்பவர் வீட்டிலோ வைத்து ஒரு டிஸ்க் போட்டு அரைமணி நேரமாவது ஓடவிடுங்கள், ஃபேன் கத்துகிறதா, எச்டிஎம்ஐ சொருகும் இடம் ஆடுகிறதா, ஸ்டிக்கைத் தொடாமல் வைத்தால் ஆள் தானாக நடக்கிறதா என்று பாருங்கள். கிளம்புவதற்கு முன் விற்பவர் தன் அக்கவுண்டை மெஷினிலிருந்து எடுத்துவிட்டு உங்கள் கண் முன்னால் ரீசெட் பண்ணட்டும், அதற்கப்புறம் பணத்தைக் கொடுங்கள்.